நெல் விளையும் கரையிற் பசி

ஒரு நாட்டிலே உணவு உண்டா என்று கேட்பதும், அந்நாட்டிலுள்ள இன்ன குடும்பத்துக்கு இன்றிரவு உணவு உண்டா என்று கேட்பதும் ஒரே வினா ஆகா. முன்னைய வினாவுக்கு விடை சொல்வது எளிது. விளைந்த நெல்லையும் இறக்குமதியான அரிசியையும் கூட்டி, மக்கட்டொகையால் வகுத்தால், தலைக்கு இத்தனை இறாத்தல் என்று கணக்கு வந்துவிடும். பின்னைய வினாவுக்கு அவ்வாறு ஏட்டிலே விடை காண இயலாது. களத்திலே குவிந்த நெல் எந்தெந்தக் கைகளின் வழியாக எந்தெந்த அடுப்புக்குப் போகிறது, இடையிலே அது எங்கே தடைப்படுகிறது, யார் எந்த உரிமையைக் கொண்டு அதிலே பங்கு கேட்கின்றனர் என்பவற்றைக் கிராமத்திலே தங்கியிருந்து பார்த்தறிதல் வேண்டும். மானிடவியலாளர் மேற்கொள்ளும் பணி இதுவே. உணவு நீதி என்று இக்காலத்தில் வழங்கும் தொடரும் உணவைப் பெறும் உரிமையைப் பற்றியதே ஆகும்.

இத்துறைக்கு வழிகாட்டியவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஓட்ரி றிச்சட்ஸ் என்னும் ஆங்கிலேய அம்மையார். இன்று சாம்பியா எனப்படும் நாட்டின் வடபகுதியிலே பெம்பா மக்களிடையே 1930ஆம் ஆண்டுகளில் தங்கி, அவர்கள் என்ன உண்கின்றனர், எப்போது உண்கின்றனர், யாரோடு பகிர்ந்து உண்கின்றனர் என்பதை வீடு வீடாக அளந்து குறித்தார். அவருடைய நூல் 1939இல் வெளிவந்தது. அம்மக்கள் மெலிந்திருந்ததற்குச் சோம்பலே காரணம் என்று ஆட்சியாளர் சிலர் கருதியிருந்தனர். ஆடவர் பலர் செப்புச் சுரங்கங்களிற் கூலிவேலைக்குப் போய்விட்டமையால், மரம் வெட்டிக் காடு திருத்த ஆளின்றி வீட்டிலிருந்த பெண்களின் உணவு குறைந்தது என்பதை அம்மையார் காட்டினார். குற்றம் மண்ணிலுமில்லை, மக்களின் மனத்திலுமில்லை. உழைப்பு எங்கே இழுத்துச் செல்லப்பட்டது என்பதிலே இருந்தது.

நான்கு தசாப்தங்கள் கழித்து, பொருளியலறிஞர் அமார்த்திய சென் இதே உண்மையை வேறொரு திசையிலிருந்து வந்து தொட்டார். 1943ஆம் ஆண்டு வங்காளத்திலே நிகழ்ந்த பெரும் பஞ்சத்தை அவர் 1981இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தார். அவ்வாண்டிலே வங்காளத்தில் இருந்த அரிசியின் அளவு, பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டின் அளவிலும் குறைந்ததன்று என்பது அவருடைய முடிவு. ஆயினும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மாண்டவர் யாவர்? நிலமற்ற விவசாயக் கூலிகளும், மீன்பிடிப்போரும், படகோட்டிகளும், கிராமத்துக் கைவினைஞருமே பெரும்பாலோர். அரிசி இருந்தது, அதைத் தமதாக்கிக்கொள்ளும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. யப்பானியப் படை வரக்கூடும் என்ற அச்சத்தால் 1942இல் வங்காளக் கரையோரத்துப் படகுகளை அரசு கைப்பற்றியதும் மீனவரின் பிழைப்பை முறித்தது. நீர்க்கரையில் வாழ்வோருக்குப் படகு போனால் சோறும் போகும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

இந்த இரு ஆராய்ச்சிகளையும் கையில் வைத்துக்கொண்டு இலங்கையின் கிழக்குக் கரையை நோக்குதல் பயன்தரும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கடலுக்கு இணையாகக் கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையாக நீள்வது எழுவான்கரை; சூரியன் எழும் பக்கம். மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். எழுவான்கரையிலே நகரமும், கடைத்தெருவும், வைத்தியசாலையும், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நெருக்கமான ஊர்களும் உள்ளன. படுவான்கரையிலே நெல்லும், பாலும், எருமைத் தயிரும், விறகும், தேனும் உள்ளன. ஒரு கரை மற்றக் கரையின்றி உண்ண இயலாது. ஆகவே இங்கு உணவின் வரலாறு என்பது பெரும்பாலும் வாவியைக் கடத்தலின் வரலாறேயாகும்.

உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி முதலிய குளங்களின் நீர் பாயும் இந்நிலம் நெல்லுக்குப் பேர்போனது. ஆயினும், அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பின்படி, 2012, 2013ஆம் ஆண்டுகளிலே மட்டக்களப்பு மாவட்டத்து மக்களில் நூற்றுக்கு 19.4 பேர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். நாடு முழுவதற்குமான அளவு அப்போது நூற்றுக்கு 6.7 மாத்திரமே. 2016இல் மாவட்டத்தின் அளவு 11.3 ஆகக் குறைந்தது. நாட்டின் அளவோ 4.1 ஆயிற்று. இரண்டும் இறங்கின, இடைவெளி மட்டும் நீங்கவில்லை. நெல் விளையும் நிலத்திலே இப்படி நேர்வது எவ்வாறு என்பதே விளக்கம் வேண்டிய செய்தி.

அதற்கு முதலிற் களவெட்டிக்குச் செல்ல வேண்டும். சூடடித்து நெல் தூற்றும் இடத்தை மட்டக்களப்பார் களவெட்டி என்பர். அங்கே அன்றாடப் பேச்சிலுள்ள சொற்கள் பல விலக்கப்பட்டு, வேறு சொற்களே வழங்கும். நெல்லைப் பொலி என்பர். குறைவு, இன்மை என்னும் பொருள்படும் சொற்கள் அவ்விடத்தில் ஒலிக்கலாகாது. ஒலித்தால் பூதங்கள் பொலியைக் கவர்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. இவ்வழக்கங்களை மட்டக்களப்பின் வரலாற்றை எழுதிய பண்டிதர்களும் குறித்துவைத்துள்ளனர். நம்பிக்கை எதுவாயினும், நெல் பங்கிடப்படும் நேரம் எவ்வளவு கூர்மையான நேரம் என்பதை இம்மொழியே உணர்த்துகிறது. ஆண்டு முழுவதும் யார் உண்பர், யார் கடன்படுவர் என்பது அங்கேதான் தீர்மானமாகும்.

அப்பங்கீட்டின் தலைமையில் நின்றவர் போடியார். அவர் பெருநிலக்காரர். அவருக்காக வயலைப் பார்த்து, ஆட்களை நிறுத்தி, விதைப்பு முதல் அறுவடை வரை பொறுப்பேற்றவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழே உழைத்தவர் வயற்கூலிகள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டு முதல் வாவிக்குத் தெற்கேயுள்ள அக்கரைப்பற்றிலே தங்கி, தமிழரும் முஸ்லிம்களுமான இருசாராரின் குடிமுறை, நிலவுரிமை, கோயில், திருமணம் ஆகியவற்றை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பெருநூல் 2008இல் வெளிவந்தது. போடியார், முல்லைக்காரர் என்ற உறவு நிலக்கணக்கோடு முடிந்துவிடுவதன்று. சாதியும், கோயில் வரிசையும், திருமணத் தொடர்பும் அதிலே பின்னிக் கிடந்தன என்பதை அது விளங்கவைக்கின்றது. மண்டூர் முருகன் கோயிலை மையமாகக் கொண்டு 1980ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த மார்க் விற்றேக்கரும் இக்கரையின் அதிகார ஒழுங்கையே வேறொரு வாயிலினூடாகக் கண்டார்.

களவெட்டியில் உழைத்தவனுக்கு மட்டுமன்றி, வண்ணாருக்கும் நாவிதருக்கும் பிற ஊழியக் குடிகளுக்கும் நெல்லிலே பங்கு உண்டு. நிலமில்லாத குடும்பத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை மரைக்கால் நெல் வழக்கத்தின் பெயராலே வந்து சேரும். இதனைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடலாகாது. அப்பங்கைப் பெற்றவன் ஊழியத்தை மறுக்க இயலாது. கீழ்நிலையை ஏற்றுக்கொண்டே நெல்லை ஏற்றுக்கொண்டான். மாரிகாலத்திலே போடியாரிடம் பெற்ற கடன் நெல்லை அறுவடையில் வட்டியோடு அளந்து கொடுத்தபின், உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி பலருக்கு வாழ்க்கையாகவே இருந்தது. எனினும் ஒன்றை மறுக்கலாகாது. அக்கால ஒழுங்கிலே பசித்தவன் போய்க் கேட்பதற்கு ஓரிடம் இருந்தது; அவன் பங்குக்கு வழக்கம் சாட்சி நின்றது.

அவ்வொழுங்கு இருபதாம் நூற்றாண்டிலே படிப்படியாகத் தளர்ந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளரின் உழும் உரிமைக்குப் பாதுகாப்பளித்து, குத்தகைக்கும் வரம்பு கட்ட முயன்றது. நல்ல நோக்கமுடைய சட்டம். ஆனால் குத்தகையுமின்றி நாட்கூலிக்கு நின்றவனுக்கு அதனால் நிலம் கிடைக்கவில்லை. நெல்லாகக் கொடுத்த கூலி பணமாயிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின், பலர் பல நாட்கள் வெட்டிய வேளாண்மையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. வெட்டுக்கூலி போயிற்று, பின்னாலே சென்று கதிர் பொறுக்கிய ஏழைப் பெண்களின் சிறு வருவாயும் சுருங்கிற்று. சிறு விவசாயியோ உரக்கடனும் உழவுக்கடனும் நெருக்க, ஈரம் உலராத நெல்லை வயலோரத்திலேயே வியாபாரிக்கு விற்றுவிடுகிறான். அறுவடைக் காலத்திலே நெல்லின் விலை தாழ்ந்திருக்கும். சில மாதங்களின் பின், விற்ற அவனே அரிசியைக் கூடிய விலைக்கு வாங்கி உண்கிறான். நெல்லின் உத்தரவாத விலைத் திட்டம் 1948இலும், நெற் சந்தைப்படுத்தற் சபை 1971இலும் தோன்றியது இக்குறையைத் தீர்ப்பதற்கே. ஆயினும் கொள்வனவு தாமதிக்கும்போதெல்லாம் கடன்காரனே முந்திக்கொள்கிறான்.

வழக்கத்தின் பங்கு குறைந்தபோது, அரசின் பங்கு அதன் இடத்தை ஓரளவு நிரப்பிற்று. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் கிராம வாழ்க்கையின் பகுதியாயின. அது மக்களுக்கு எத்துணை உயிர்நாடியாக இருந்தது என்பது 1953இலே வெளிப்பட்டது. ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டதும், ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அதன் விளைவாகப் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராயிருந்த 1966ஆம் ஆண்டின் இறுதியில், பங்கீடு பாதியாகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய ஒரு கொத்து இலவசமாக்கப்பட்டது. வருவாய் குறைந்த நாடாயிருந்தும் இலங்கை மக்களின் ஆயுள் உயர்ந்திருந்ததற்குக் கல்வி, சுகாதாரம் ஆகியவற்றோடு இப்பங்கீட்டையும் ஒரு காரணமாகச் சென் எடுத்துக்காட்டினார்.

1979இல் இப்பங்கீட்டின் இடத்திலே உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதப்பட்டது ரூபாக் கணக்கு. விலைகள் ஏறின, முத்திரையின் எண் ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனால் வாங்கக்கூடிய உணவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொத்து என்பது அரிசியின் அளவு. சந்தையில் எது நேர்ந்தாலும் ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருக்கும். ரூபாவோ விலையோடு சேர்ந்து சுருங்கும். களவெட்டியிலே நெல்லாக வந்த கூலி பணமானபோது எது நேர்ந்ததோ, அதுவே கூப்பன் அரிசி முத்திரையானபோதும் நேர்ந்தது. இரண்டிலும் விலையேற்றத்தின் சுமை, அதைத் தாங்க மிகவும் இயலாதவன் தோளிலே வந்து விழுந்தது.

நிலமில்லாதவனுக்கு இக்கரையிலே இன்னொரு வயல் உண்டு. அதுவே வாவி. வாவியிலே வேலி இல்லை. வீச்சுவலை ஒன்றும் சிறு தோணி ஒன்றும் உடையவன், தோணியுமில்லாவிட்டால் தூண்டில் ஒன்றேனும் உடையவன், அன்றைய கறிக்கு வழி தேடிக்கொள்ளலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் பெருமளவு இந்நீரிலிருந்தே வந்தது. ஆனால் பொதுச் சொத்துக்கும் அழிவு உண்டு. கரையோரக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. இறாற் பண்ணைகளுக்கும் கட்டடங்களுக்கும் கரைகள் நிரப்பப்பட்டன. நகரத்தின் கழிவு நீர் வந்து கலக்கின்றது. மேலும், இலங்கை வாவிகளின் நண்டு சிங்கப்பூர் உணவுச்சாலைகளிலே பெயர்பெற்றுவிட்டது. பிடிப்பவனுக்கு அதனால் காசு கிடைப்பது நன்மையே. ஆயின், பெரிய நண்டும் இறாலும் பனிக்கட்டிப் பெட்டியிலே ஏறிப் போகும். பிடித்தவன் வீட்டுச் சட்டியிலே சிறுமீன் வேகும். காசு வந்து கடனுக்குப் போய்விட்டால், வாவி தந்த ஊட்டம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகாது.

வாவியைக் கடக்கும் வழி அடைபட்டால் நேர்வது யாது என்பதை உள்நாட்டுப் போர் கொடுமையாகக் காட்டிற்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் நெடுங்காலம் எழுவான்கரை பெரும்பாலும் அரசாங்கப் படையினரின் ஆட்சியிலும், படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் ஆட்சியிலும் இருந்தன. இடையிலே துறைகளும் சோதனைச் சாவடிகளும் நின்றன. உரம், எரிபொருள் முதலியவற்றை மேற்கே கொண்டுசெல்லத் தடைகள் இருந்தன. உரமின்றி விளைவு குறைந்தது. விளைந்ததும் நல்ல விலைக்குச் சந்தை சேரவில்லை. அவ்வாண்டின் வன்செயல்களின் பின்னர், காத்தான்குடி முதலிய ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் பலர் மேற்கேயிருந்த தம் வயல்களுக்குப் போக இயலாதவராயினர். தமிழ்க் கிராமத்தவர் பலருக்கு அருகிலிருந்த முஸ்லிம் கடைத்தெரு அந்நியமாயிற்று. தலைமுறை தலைமுறையாக ஒருவர் நெல்லையும் மற்றவர் வணிகத்தையும் நம்பி வாழ்ந்த இரு சாராரும், அச்சத்தின் பொருட்டு ஒருவருக்கொருவர் உணவை மறுத்தவராயினர்.

மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக் 1996ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இப்பகுதிக்கு வந்து, படுவான்கரைக் குடும்பங்களின் போர்க்கால வாழ்வை அருகிலிருந்து பார்த்தார். அவருடைய நூல் 2007இல் வெளிவந்தது. போரின் நடுவிலும் உழவும், விளையாட்டும், சமையலும், திருவிழாவும் நின்றுவிடவில்லை என்பதை இத்தகைய ஆராய்ச்சியே காட்டவல்லது. புள்ளிவிபரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகாத காலத்திலே, தங்கியிருந்து பார்ப்பவரின் குறிப்பேடே சான்றாகின்றது. 2007இல் படுவான்கரை முழுவதும் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஏழு ஆண்டுகளின் பின், 2014 ஏப்பிரலில், யப்பானிய உதவியோடு கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை, பாதை என்று மட்டக்களப்பார் சொல்லும் மிதவையை எதிர்பார்த்துக் காத்துநின்ற கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள், ஆரையம்பதிப் பக்கத்துக்குச் சில நிமிடங்களிற் சென்றடையத் தொடங்கினர். நோயாளி வைத்தியசாலைக்கும், தயிர்ப் பானை சந்தைக்கும், மாணவர் பாடசாலைக்கும் விரைந்து போக முடிந்தது.

பாலத்தின் பயன் பெரிது. எனினும் அதன்மீது நெல் வெளியே போவதும் எளிதாயிற்று. இருபுறமும் போக்குவரத்து நடக்கும்போது, பணமுள்ள இடத்தை நோக்கியே பண்டம் நகரும். வங்காளத்திலே பஞ்ச காலத்திலும் அரிசி கிராமத்திலிருந்து கல்கத்தா நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை மறக்கலாகாது. பாதை திறப்பது முதற்படி. திறந்த பாதையிலே உணவைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பும் வலிமை ஏழைக்கு உண்டாவது அடுத்த படி.

அவ்வலிமையின் ஊற்று ஒன்று மட்டக்களப்பிலே பெண்ணிடம் இருக்கின்றது. இங்கு மகளுக்கு வீடும் வயலும் சீதனமாகப் போகும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். தாய்வழியே குடி எண்ணப்படும். பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டோடு நீதிமன்றத்திலே வலிமை இழந்தபோதிலும், சீதன வழக்கத்தினூடாக வீடும் வளவும் பெண்ணின் உடைமையாகவே நிலைத்தன. இதன் பொருள் எளிதானது. கணவன் இறந்தாலும், பிரிந்தாலும், காணாமற் போனாலும், அவளுடைய அடுப்பை யாரும் இறக்கி வெளியே வைக்க இயலாது. மாமியார் வீட்டிலே எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் மருமகளின் நிலை வட இந்தியாவைப் பற்றிய ஆராய்ச்சிகளிலே பெரிதும் பேசப்படும். மட்டக்களப்பு மகளோ தாயின் நிழலிலே தன் சொந்த வீட்டில் இருக்கிறாள். பஞ்ச காலத்திலே தாய்மார் தம் சோற்றைக் குறைப்பது இங்கும் உண்டு. ஆனால் வீடு தனதாயிருப்பவளுக்கும் இல்லாதவளுக்கும் வேற்றுமை பெரிது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின் இவ்வேற்றுமை சோதனைக்குள்ளாயிற்று. நாவலடி முதலிய கரையூர்கள் அழிந்தன. கடலோரத்திலே கட்டடம் எழுப்பலாகாது என்ற வரம்பு கிழக்கிலே 200 மீற்றராக விதிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. நாவலடி மக்கள் பலர் திராய்மடுவிலே குடியேறினர். மீனவனுக்கும் நீருக்கும் இடையே தொலைவு உண்டாயிற்று. மேலும், உதவி வழங்குவோர் குடும்பத் தலைவன் என்ற பெயரிலே ஆண்களுக்கு வீட்டுறுதி எழுதும் வழக்கத்தோடு வந்தனர். சீதன வீட்டை இழந்த பெண்ணுக்குக் கிடைத்த புதிய வீடு கணவன் பெயருக்கு மாறும் நிலை ஏற்பட்டது. இதனைப் பற்றீசியா லோரன்ஸ் அம்மையாரும் மக்கில்வ்ரேயும் 2010இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றிலே விளக்கினர். ஒரு படிவத்திலுள்ள ஒரு கட்டம், பல தலைமுறை காத்த ஓர் உரிமையை அழித்துவிடக் கூடும்.

அண்மைக்கால நெருக்கடி இவையனைத்தையும் ஒருங்கே முன்னிறுத்தியது. 2021 மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. விளைவு வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்தது. 2022 செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததிலும் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. நாட்டிலே ஏறத்தாழ 63 இலட்சம் பேருக்கு உணவு உறுதியில்லை என்று ஐக்கிய நாடுகள் சபையின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. கூலி இரட்டிக்கவில்லை, ஆகவே கூலிக்காரன் சோறு பாதியாயிற்று. சொந்த நெல்லைக் குதிரிலே வைத்திருந்தவன் தப்பினான்; நெல்லை விற்று அரிசி வாங்குபவன் தப்பவில்லை.

2023இலே அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, குடும்பங்களின் நிலையை நோக்கி மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளிலே பணம் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. இத்தகைய திட்டம் எதற்கும் முதல் வினா, குடும்பம் என்பது எது என்பதே. மட்டக்களப்பிலே ஒரே வளவுக்குள் தாயின் சிறுவீடும், மூத்த மகளின் பெருவீடும், இளையவளின் புதிய வீடும் நிற்பதுண்டு. படலை ஒன்று, அடுப்பு மூன்று. ஒன்றிலே நாட்டுக்கு வெளியே உழைப்பவன் அனுப்பிய பணத்திற் சோறு பொங்கும். மற்றதிலே கைம்பெண் ஒருத்தி மாலைக் கூலிக்குக் காத்திருப்பாள். படலையை எண்ணுபவர் ஒரு குடும்பத்தையே காண்பர். அடுப்பை எண்ணுபவருக்கே மூன்றும் தெரியும். பணமாகக் கொடுக்கும் உதவி விலைக்கேற்ப உயராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1979ஆம் ஆண்டின் முத்திரையே சாட்சி.

ஆகவே உணவு நீதியை நாடுவோர் விளைச்சலைப் பெருக்குவதோடு நின்றுவிடலாகாது. நெல் யாருடைய கடனுக்காக எப்போது விற்கப்படுகிறது, வாவியின் கரை யாருக்குத் திறந்திருக்கிறது, வீட்டுறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது, உதவிப் பட்டியலிலே எந்த அடுப்பு விடுபட்டது என்னும் வினாக்களைக் கிராமந்தோறும் கேட்டல் வேண்டும். இவற்றுக்குக் கிராம உத்தியோகத்தரும், கமக்காரர் அமைப்பும், மீனவர் சங்கமும், பெண்கள் சங்கமும் சேர்ந்தால் விடை காண இயலும். மாரி மழை பெய்து, வேலையும் இன்றி, அறுவடையும் வராத கார்த்திகை, மார்கழி மாதங்களே அவ்விடைகளைச் சோதிக்கும் காலம். வயல் பச்சையாக நிற்கும் அம்மாதங்களிலே, அவ்வயலில் நாற்று நட்டவள் வீட்டில் இரவு உலை ஏறுமாயின், அக்கிராமத்தில் உணவு நீதி உண்டு என்று துணிந்து கூறலாம்.